காடு கண்ட கண்: மா. கிருஷ்ணன்

நுழையும்முன்

ஒளிப்படக் கருவி இன்று பலர் கைகளில் உள்ளது. பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி எனக் கண்ணில் பட்டவற்றையெல்லாம் நொடியில் படமாக்க முடிகிறது. ஆயினும், படமெடுக்கும் எல்லாரும் உற்றுப் பார்ப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த ஒரு கருவியோடு இந்தியக் காடுகளில் அலைந்து, கண்டதைப் படமாகவும் எழுத்தாகவும் நாட்டுக்கு அளித்த தமிழர் ஒருவர் உண்டு. உற்றுநோக்கலையே வாழ்நாள் தொழிலாக ஏற்ற அவருடைய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இயற்கை வரலாற்றறிஞர்

காட்டுயிர் பற்றிய பேச்சு வந்தாலே வேட்டைக்காரர்களின் வீரக்கதைகள் முன்நின்ற காலம் ஒன்று இருந்தது. கொன்ற புலியின்மீது காலை வைத்து நின்று படமெடுத்துக்கொள்வது பெருமையாகக் கருதப்பட்டது. அக்காலத்தில் துப்பாக்கியை ஏந்தாமல், ஒளிப்படக் கருவியையும் எழுதுகோலையும் ஏந்திக் காட்டுக்குள் நுழைந்தவர் மா. கிருஷ்ணன். தாவரவியலாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர், கட்டுரையாளர், தமிழ் எழுத்தாளர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. இவை அனைத்தையும் இணைத்த இழை ஒன்றே. கண்முன் உள்ள உயிரைப் பொறுமையோடு பார்த்து, பார்த்ததை மட்டும் சொல்வது என்பதே அது.

தமிழ் மணக்கும் குடும்பம்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய தந்தை அ. மாதவையா, தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1898இல் வெளிவந்த 'பத்மாவதி சரித்திரம்' அவர் எழுதிய புகழ்பெற்ற நாவல். பெண்கல்வியையும் சமூகச் சீர்திருத்தத்தையும் தம் எழுத்தின் வழியே வலியுறுத்தியவர் அவர். அரசின் உப்புத் துறையில் பணியாற்றிய மாதவையா, பணியிலிருந்து விலகிய பின்னர்ச் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தினார். எட்டு மக்களுள் இளையவர் கிருஷ்ணன். மூத்தவர்களுள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் ஆங்கில நாவலாசிரியராகவும் விளங்கினார்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய மாதவையா, அந்த அவையிலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையை இழந்த சிறுவனுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதும் பயிற்சி. மற்றொன்று, ஊரார் ஒப்பாவிட்டாலும் தமக்குச் சரியெனப்பட்டதைச் சொல்லும் துணிவு. இவ்விரண்டும் அவருடைய வாழ்நாள் முழுவதும் உடன்வந்தன.

தாவரம் கற்ற கண்

சென்னை மாநிலக் கல்லூரியில் கிருஷ்ணன் பயின்றபோது, பி. எஃப். ஃபைசன் என்னும் ஆங்கிலேயர் அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப்பகுதித் தாவரங்களைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் அவர். அந்நூலின் கோட்டோவியங்களை வரைந்தவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். ஃபைசன் மாணவர்களை வகுப்பறைக்குள் அடைத்துவைக்கவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அவர் சென்ற களப்பயணங்களில் கிருஷ்ணனும் உடன்சென்றார். திருமதி ஃபைசனிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையையும் கற்றுக்கொண்டார்.

தாவரத்தை வரைவதற்கு ஒரு தனிக்கட்டுப்பாடு வேண்டும். இலைகள் தண்டில் மாறிமாறி அமைந்துள்ளனவா, எதிரெதிரே அமைந்துள்ளனவா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதழ்கள் எத்தனை, மகரந்தத் தாள்கள் எத்தனை, காம்பில் மயிர் உண்டா, கனி வெடிக்கும் வகையா என்பன எல்லாம் தெரிந்தாக வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஓரிதழைக் கூட்டிவிட முடியாது. தெரியாத உறுப்பை நிழலிட்டு மறைத்துவிடவும் முடியாது. கிருஷ்ணன் பின்னாளில் யானையைப் படமெடுத்தபோதும் புள்ளிமானைப் பற்றி எழுதியபோதும் இந்தக் கட்டுப்பாடே அவரிடம் தொழிற்பட்டது. காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் பலர் விலங்கிலிருந்து தொடங்குவர். கிருஷ்ணனோ செடியிலிருந்து தொடங்கினார்.

வேலையில்லாத பட்டதாரி

கிருஷ்ணன் 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். தொடர்ந்து தாவரவியலில் முதுகலையும் பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆனால், தேர்வுகளில் அவர் பெற்ற இடம் சிறப்பானதன்று. அது உலகப் பொருளாதார மந்தநிலை இந்தியாவையும் வாட்டிய காலம். பட்டம் பெற்றவர்களுக்கே வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. கிருஷ்ணன் இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதியும் கோட்டோவியங்களும் கேலிச்சித்திரங்களும் வரைந்தும் பொருளீட்ட முயன்றார். 1937இல் இந்துமதியை மணந்தார். குடும்பப் பொறுப்பு கூடியது, நிலையான வருவாய் மட்டும் வாய்க்கவில்லை.

கற்ற கல்வி தமக்குப் பிடித்த துறையில் இருந்தும், அத்துறை சோறு போடவில்லை என்னும் நிலை இன்றைய இளைஞர்களும் அறிந்ததே. கிருஷ்ணன் அந்த நிலையில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தார். இருந்தும் மரங்களையும் பறவைகளையும் உற்றுநோக்குவதை அவர் கைவிடவில்லை.

சந்தூரின் குன்றுகள்

1942இல் சந்தூர் அரசிலிருந்து அவருக்கு வேலை கிடைத்தது. இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் அமைந்த சிறிய சுதேச அரசு அது. அங்கு அவர் பார்க்காத வேலை இல்லை எனலாம். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அடுத்தடுத்து ஏற்றார். புறாக்களை வளர்த்து அஞ்சலுக்குப் பழக்கினார். ஆடு மேய்த்தலிலும் சில சோதனைகள் செய்து பார்த்தார்.

சந்தூரின் குன்றுகளும் புதர்க்காடுகளும் கிருஷ்ணனுக்குப் பரந்த பயிற்சிக் களமாக அமைந்தன. அலுவல் முடிந்த நேரமெல்லாம் அவர் அங்கு அலைந்தார். காட்டுயிர்களைப் படமெடுக்கும் முறைகள் பற்றி அவர் எழுதிய தொடர்கட்டுரைகள் அக்காலத்து ஆங்கில வார இதழான 'இல்லஸ்டிரேடட் வீக்லி'யில் வெளிவந்தன. அவ்வரச குடும்பத்தைச் சேர்ந்த எம். ஒய். கோர்படே பின்னாளில் கர்நாடக அமைச்சராக மட்டுமன்றிக் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞராகவும் பெயர் பெற்றது இங்குக் குறிப்பிடத்தக்கது.

நாடு விடுதலை பெற்றபின் 1949இல் சந்தூர் அரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. கிருஷ்ணனின் வேலையும் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. வேறொரு அலுவலகத்தில் சேர்ந்து மாதச் சம்பளம் பெறும் வழியை அவர் நாடவில்லை. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்வது என்று முடிவெடுத்தார். இந்தியாவில் அன்று அத்தகைய தொழில் ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. அவர் எடுத்த முடிவுகளுள் மிகத் துணிவானது இதுவேயாகும்.

நாற்பத்தாறு ஆண்டு எழுத்து

1950இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இருவாரத்திற்கு ஒருமுறை இயற்கைப் பத்தி ஒன்றை அவர் எழுதத் தொடங்கினார். 1996இல் இறக்கும்வரை அதைத் தொடர்ந்து எழுதினார். ஒரே பொருள் குறித்து ஒருவரே நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய பத்திகள் இந்திய இதழியலில் மிகச் சிலவே. தம் பத்திகள் பலவற்றுக்கு அவரே ஓவியமும் வரைந்தார்.

அப்பத்தியில் புலியும் யானையும் மட்டுமே இடம்பெறவில்லை. வீட்டுக்கூரையில் கூடு கட்டும் குருவி, முற்றத்து அணில், சுவரில் ஊரும் பல்லி, கொல்லைப்புறத்துக் காகம், தெருவோர மரம் ஆகியனவும் இடம்பெற்றன. 1961இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பிலேயே காடும் கொல்லைப்புறமும் அருகருகே நின்றன. தொலைதூரக் காட்டுக்குச் செல்ல வசதியற்றவரும் இயற்கையை அறியலாம் என்பதை அவர் எழுத்து மெய்ப்பித்தது.

பொருத்தி அமைத்த கருவி

கிருஷ்ணன் படமெடுத்த காலத்தில் காட்டுயிர்ப் படத்துக்கு ஏற்ற கருவிகள் இந்தியாவில் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றின் விலையோ இதழ்களுக்கு எழுதி வாழ்ந்த ஒருவரால் எட்ட முடியாதது. எனவே, அவர் ஒரு நிறுவனத்தின் கருவி உடலையும் வேறொரு நிறுவனத்தின் தொலைவு லென்சையும் பெற்று, இடைப்பட்ட உறுப்புகளைத் தம் கையாலேயே பொருத்திக்கொண்டார். எடையும் பருமனும் மிக்க அந்தக் கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரும் சூட்டினார். அசாம் காடுகளில் ஆய்வு செய்த ஈ. பி. ஜீ என்னும் இயற்கையியலாளர், 1964இல் வெளியிட்ட தம் நூலில் இந்த ஒட்டுக் கருவியை வியப்பும் நகைச்சுவையும் கலந்து குறிப்பிட்டுள்ளார்.

கருவியின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால்தான் கிருஷ்ணனின் உழைப்பு விளங்கும். லென்சின் குவியத்தூரம் மிகும்போது, தொலைவில் உள்ள பொருளின் உருவம் படத்தில் பெரிதாக விழுகிறது. ஒரே இடத்தில் நின்று 50 மி.மீ. லென்சால் எடுத்த மானைவிட, 300 மி.மீ. லென்சால் எடுத்த மான் ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால், கையின் நடுக்கமும் அதே அளவு பெருகித் தெரியும். நடுக்கம் பதியாமல் இருக்க, ஒளிபுகும் நேரத்தை ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு நொடியாகக் குறைக்க வேண்டும். நேரத்தைக் குறைத்தாலோ, மரநிழல் அடர்ந்த காட்டில் போதிய ஒளி படச்சுருளில் விழாது. அக்காலப் படச்சுருள்களின் ஒளியுணர்திறனும் குறைவு. மேலும், தொலைவு லென்சில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகக் குறுகியது. யானையின் கண் கூர்மையாக அமைந்தால் அதன் பின்னங்கால் மங்கிப்போகும்.

இத்தனை இடர்களுக்கும் ஒரே விடை, விலங்கை நெருங்குவதுதான். கிருஷ்ணன் நடந்தும், முதுமலை போன்ற இடங்களில் வளர்ப்பு யானையின் மீதமர்ந்தும் விலங்குகளை நெருங்கினார். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, விலங்கு எப்போது நீரருந்த வரும், எத்தொலைவில் அது அச்சம் கொள்ளும் என்பவற்றை அறியாதவரால் இவ்வாறு நெருங்க இயலாது. கருவியின் குறையை அவர் அறிவால் ஈடுசெய்தார்.

தெரிந்து தெளிவோம்

இன்றைய கையடக்க ஒளிப்படக் கருவிகளில் படம் பதியும் உணரி மிகச் சிறியது. எனவே, குறைந்த குவியத்தூரமுள்ள சிறு லென்சே தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகக் காட்டுகிறது. அருகிலுள்ள பூவைப் படமெடுக்கும்போது பூ முழுவதும் கூர்மையாக விழுவதற்கும் இச்சிறிய உணரி துணைபுரிகிறது. ஆனால், ஒளி குறைந்த இடத்தில் படத்தில் புள்ளிகள் மிகுந்து தெளிவு குன்றும். காலை, மாலை வெயிலே இக்கருவிகளுக்கு உற்ற துணை.

கறுப்பும் வெள்ளையும்

கிருஷ்ணனின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. வண்ணம் இல்லாத படத்தில் விலங்கைக் காட்டுவது எளிதன்று. பச்சைப் புல்லும் பழுப்பு மானும் நம் கண்ணுக்கு வேறுவேறாகத் தோன்றுகின்றன. கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலோ இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். அப்போது மான் புல்லுக்குள் கரைந்துபோகும். அதைப் பிரித்துக் காட்ட ஒளியைத் தவிர வேறு வழியில்லை. பக்கவாட்டில் விழும் வெயில் மானின் முதுகில் ஒளிவிளிம்பை உண்டாக்கும். யானையின் தோல் மடிப்புகளையும் மரப்பட்டையின் வெடிப்புகளையும் அது எடுத்துக்காட்டும். ஓவியம் பயின்ற கண்ணுக்கு இந்த ஒளிநிழல் நுட்பம் கைவந்ததில் வியப்பில்லை.

யானையே கிருஷ்ணனின் உள்ளம் கவர்ந்த விலங்கு. முதுமலையிலும் பெரியாற்றிலும் அவர் எடுத்த யானைப் படங்களில், தனி யானையோடு கூட்டமும், கூட்டத்திற்குள் கன்றைக் காக்கும் முறையும் காணக் கிடைக்கின்றன. காட்டெருது, புள்ளிமான், கடமான், செந்நாய் முதலியவற்றையும் அவர் நெடுங்காலம் உற்றுநோக்கி எழுதினார்.

நிலமும் கருப்பொருளும்

தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் உயிரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய விலங்கு, பறவை, மரம், பூ ஆகியவற்றைக் கருப்பொருள் என்று நம் முன்னோர் வகுத்தனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியதும் இம்மரபின் வெளிப்பாடே. கிருஷ்ணனின் படங்களைப் பார்ப்போர்க்கு இம்மரபு நினைவுக்கு வரலாம். விலங்கின் முகத்தை மட்டும் சட்டகம் முழுதும் நிரப்பிக் காட்டுவதோடு அவர் அமைதியடையவில்லை. அது நிற்கும் புல்வெளியும் சூழ்ந்த மரங்களும் அவர் படங்களில் பொருளுடையனவாக அமைந்தன. இந்த மரத்தடியில் இந்த விலங்கு ஏன் நிற்கிறது என்னும் வினாவுக்குப் படமே விடை தரும்.

இக்கண்ணோட்டமே அவருடைய கொள்கையாகவும் மலர்ந்தது. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கலைகளிலும் கட்டடங்களிலும் மட்டும் இல்லை. அந்நாட்டு மண்ணில் தோன்றி வளர்ந்த செடிகொடிகளிலும் உயிர்களிலும் உள்ளது என்று அவர் கருதினார். எனவே, அழகுக்காக அயல்நாட்டு மரங்களைச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நடுவதை எதிர்த்தார். வேம்பு, புங்கம், ஆல், அரசு போன்ற நம் மரங்களை நம்பியே நம் பறவைகளும் பூச்சிகளும் வாழ்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் கூற்றின் பொருள் விளங்கும்.

சான்றாக நின்ற பணி

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியக் காடுகள் விரைவாகச் சுருங்கின. அணைகள், தேயிலைத் தோட்டங்கள், புதிய குடியிருப்புகள், வேட்டை ஆகியன காட்டுயிர்களின் வாழிடத்தைக் குறைத்தன. இந்தியச் சிவிங்கிப்புலி நம் கண்முன்பே அற்றுப்போனது. அடுத்து எந்த விலங்கு மறையும் என்பதைச் சொல்லவும் முறையான தரவுகள் போதுமான அளவில் இல்லை.

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராயும் பணியை அவர் மேற்கொண்டார். காடு காடாகச் சென்று, எவ்விலங்கு எங்கு உள்ளது, எங்கு குறைந்துள்ளது, எங்கு மறைந்துள்ளது என்பதைப் பதிவுசெய்தார். அவ்வாய்வு முதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது, 1975இல் நூலாயிற்று. 1959 முதல் 1970 வரையிலான காலத்தில் இந்தியக் காட்டுயிர் இருந்த நிலையை அறிய இன்றும் அந்நூல் உதவுகிறது. அதில் ஒளிப்படம் அழகுப்பொருளாக நிற்கவில்லை; கண்டதற்குரிய சான்றாக நின்றது.

இந்தியக் காட்டுயிர் வாரியத்தின் உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இலும் புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இலும் நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்கு முன்பே, காட்டின் உரிமையாளர்கள் காட்டுயிர்களே என்னும் எண்ணத்தை மக்களிடம் பரப்பியவர்களுள் கிருஷ்ணன் முன்வரிசையில் நின்றார்.

வேடந்தாங்கலும் தமிழும்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள வேடந்தாங்கல் ஏரி கிருஷ்ணனை மிகவும் கவர்ந்தது. மழைக்காலத்தில் நீருள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. இதை உணர்ந்த ஊரார் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்தனர். 1798இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமையும் பெற்றனர். அரசு பாதுகாக்கத் தொடங்கும் முன்பே உழவர்கள் பாதுகாத்த இடம் என்பதே வேடந்தாங்கலின் சிறப்பு. கிருஷ்ணன் இவ்வேரியைப் பற்றித் தமிழிலேயே எழுதினார்.

அவருடைய தமிழ்நடை எளிமையும் துல்லியமும் வாய்ந்தது. ஆங்கிலத்தில் படித்த அறிவியலைத் தமிழில் எழுதும்போது அவர் மொழிபெயர்ப்பை நாடவில்லை. உழவரும் வேடரும் இடையரும் வழங்கிய உயிர்களின் பெயர்களைத் தேடிப் பயன்படுத்தினார். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கும் கட்டுரைகள் அளித்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் நாவலும் அவர் எழுதியதே. அவர் மறைவுக்குப்பின் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் பதிப்பித்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' ஆகிய நூல்கள் அவருடைய தமிழ்க் கட்டுரைகளை இன்றைய வாசகர்களிடம் சேர்த்தன. பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் கேட்டு உயிர் நீத்த தந்தையின் மகன், அறிவியலுக்குத் தமிழில் இடம் அமைத்தார் எனலாம்.

இறுதிக்காலம்

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகச் சிறப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. பெருஞ்செல்வம் அவரிடம் சேரவில்லை. பிறர் மகிழ வேண்டும் என்பதற்காகத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் இருந்ததில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். ஆஷிஷ் சந்தோலா, சாந்தி சந்தோலா, டி. என். ஏ. பெருமாள் ஆகியோர் தொகுத்த அவருடைய படங்களும் எழுத்துகளும் 2006இல் தனி நூலாக வெளிவந்தன. சென்னை இயற்கையியலாளர் சங்கம் அவர் பெயரால் இளம் எழுத்தாளர்களுக்கு இயற்கை எழுத்துப் பரிசு வழங்கிவருகிறது.

நம் ஊரில் ஒரு கண்

கிருஷ்ணன் வாழ்ந்த மயிலாப்பூரிலிருந்து வேடந்தாங்கலுக்குச் செல்லும் வழி, ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டை இன்று மக்கள் நெருக்கம் மிக்க புறநகர். தொடர்வண்டியும் பேருந்தும் ஓயாத இவ்வூரில் காட்டுயிருக்கு இடம் ஏது என்று தோன்றலாம். ஆனால், அருகிலேயே சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள் உள்ளன. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கற்குழிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்குப் பூநாரைகள் வருகின்றன. பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

இவ்வேரிகளின் கரையில் கையடக்கக் கருவியுடன் நிற்கும் மாணவர் ஒருவருக்குக் கிருஷ்ணனின் வாழ்வு பயனுள்ள பாடங்களைத் தரும். பறவை பறந்தோடும் அளவுக்கு நெருங்குதல் கூடாது. கூட்டையும் குஞ்சையும் படத்துக்காகத் தொந்தரவு செய்தல் கூடாது. செடியைப் படமெடுப்பவர் பூவோடு நின்றுவிடாமல், இலையின் அமைப்பு, தண்டு, காய், செடியின் முழுத்தோற்றம், அது வளரும் இடம் ஆகியவற்றையும் படமெடுத்தல் வேண்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். இவ்வாறு எடுக்கப்பட்ட படம், அழகு சற்றுக் குறைந்ததாயினும், பத்தாண்டுகளுக்குப் பின் அந்த ஏரியில் எவை இருந்தன என்பதற்குச் சான்றாகும். அந்த ஏரியைக் காக்க வேண்டிய நாள் வரும்போது அச்சான்றே பேசும்.

உயர்ந்த கருவிக்காகக் காத்திருந்திருந்தால் கிருஷ்ணன் ஒரு படமும் எடுத்திருக்க மாட்டார். தம்மிடம் இருந்ததைப் பொருத்திச் சேர்த்து, தம் கண்ணை அதற்குத் துணையாக்கினார். அந்தக் கண் செடியைப் பார்த்துப் பழகியது. ஆகவே காட்டையும் முழுமையாகக் கண்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ உள்ள ஒரு மரத்தை ஒரு திங்கள் தொடர்ந்து உற்றுநோக்குக. அதை நாடி வரும் பறவைகள், பூச்சிகள், அணில்கள் ஆகியவற்றை நாள், நேரத்துடன் பட்டியலிடுக.

2. உங்கள் பகுதியிலுள்ள ஏரி அல்லது குளத்தின் தாவரங்கள் ஐந்தனைப் படமெடுத்தோ வரைந்தோ, மூத்தோரிடம் கேட்டு அவற்றின் வழக்குப் பெயர்களைத் திரட்டுக.

3. முல்லை, மருதம் ஆகிய திணைகளின் கருப்பொருள்களுள் இன்றும் உங்கள் பகுதியில் காணப்படுபவற்றை அட்டவணைப்படுத்துக.

4. அழகுக்காக எடுக்கும் படத்திற்கும் சான்றாக எடுக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடுகளை வகுப்பில் கலந்துரையாடுக.